பழைய மோட்டார் யாட்: வாங்கும் முன் அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிப்பது

விற்பனைக்கு நிற்கும் பழைய மோட்டார் யாட்டில் ஏறியதும் கண்ணில் படுவது சோபாவும் மர வேலைப்பாடும்தான். விலையைத் தீர்மானிக்க வேண்டிய சமாச்சாரமெல்லாம் தரைப் பலகைக்குக் கீழே இருக்கிறது. அங்கே தென்படும் எந்த அறிகுறிக்கும் பெரும்பாலும் இரண்டு விதக் காரணம் இருக்கும். ஒன்று அரை நாளில் சரியாகிவிடும். இன்னொன்று இன்ஜினையே வெளியே தூக்க வைக்கும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது என்று பிரித்துப் பார்க்காமல் விலை பேச உட்காராதீர்கள். பயந்துபோய் நல்ல படகைக் கைவிடுவதும் நஷ்டம். "சின்ன வேலைதான்" என்ற பேச்சை நம்பிப் பெரிய செலவைத் தலையில் கட்டிக்கொள்வதும் நஷ்டம்.

இங்கே சொல்வது டீசல் இன்ஜின், ஃபைபர் உடல், ஷாஃப்ட் வழியாகச் சுழலும் புரொப்பல்லர் உள்ள, சுமார் 9 முதல் 15 மீட்டர் நீளப் படகுகளுக்கு. கையில் டார்ச், ஒரு கட்டு டிஷ்யூ பேப்பர், மல்டிமீட்டர், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல், சில வெள்ளைத் துணிகள் இருந்தால் போதும். படகைப் பரிசோதித்து அறிக்கை தரும் சர்வேயர் செய்ய வேண்டிய வேலைக்கு இது மாற்று இல்லை. அவரைக் கூப்பிடும் அளவுக்கு இந்தப் படகு தேறுமா என்று நீங்களே பார்த்துக்கொள்வதற்கு.

நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருக்கிறது

மற்ற எதையும் பார்க்கும் முன் இன்ஜின் அறைக்குள் இறங்கி, சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ளங்கையை வையுங்கள். அறையின் சூடும் பிளாக்கின் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பு தெரிந்தால் யாரோ ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். தேய்ந்த டீசல் இன்ஜின் தன் நோயைக் காட்டுவது குளிர்ந்த நிலையில் எடுக்கும் முதல் ஸ்டார்ட்டில்தான். சூடானபின் அது பாதி மறைந்துவிடும்.

ஒருமுறை நான் பார்க்கப் போன இரட்டை இன்ஜின் படகில் இடது பக்க இன்ஜின் மட்டும் சூடாக இருந்தது. "காலையில் பேட்டரிக்காகக் கொஞ்ச நேரம் ஓட்டினேன்" என்றார் விற்பவர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் வலது இன்ஜின் இரண்டே சுற்றில் பிடித்தது. இடது இன்ஜின் இருபது நொடி ஸ்டார்ட்டர் சுற்றியபின் பிடித்து, பத்து நிமிடத்துக்கு வெள்ளைப் புகை விட்டது. முந்தைய நாளே விலை பேசியிருந்தால் அந்தப் பத்து நிமிடம் என் கண்ணில் பட்டிருக்காது.

அதனால் பார்க்கப் போகும் முன்பே, முந்தின நாள் மாலையிலிருந்து இன்ஜினைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் புகை வருகிறது

நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு நேரம் வருகிறது, தண்ணீர்மேல் என்ன விட்டுப் போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் புகை. இந்த இன்ஜின்களின் எக்ஸாஸ்டில் கடல் நீரும் கலந்து வெளியே வருவதால், குளிர்ந்த காற்றில் ஆவி தெரிவது இயல்பு. ஆவி சீக்கிரம் காற்றில் கரைந்துவிடும். எரியாத டீசல் அப்படிக் கரையாது. தண்ணீரின்மேல் தாழ்வாகத் தொங்கும், கண் எரியும், எக்ஸாஸ்ட் வாய்க்குக் கீழே வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் பரவும். ஓரிரு நிமிடத்தில் நின்றால் கவலை இல்லை. இன்ஜின் சூடான பிறகும் தொடர்ந்தால் இன்ஜெக்டர் பழுது அல்லது கம்ப்ரெஷன் குறைவு என்று சந்தேகிக்கலாம். இனிப்பு வாசனை அடித்து, கூலன்ட் தொட்டியின் மட்டமும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் வரை யோசிக்க வேண்டும்.

நீலப் புகை என்றால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மட்டத்துக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருந்தாலும் நீலப் புகை வரும். அதுதான் மலிவான காரணம். மட்டம் சரியாக இருந்தால், இன்ஜின் சூடானபின் ஐட்லிங்கில் எண்ணெய் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து அதன்மேல் கையைக் காட்டுங்கள். லேசாக மூச்சு விடுவதுபோல் இருந்தால் சரி. விட்டுவிட்டுக் கையைத் தள்ளும் அளவுக்குப் புகையும் காற்றும் வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. ரிங் நன்றாக இருந்து நீலப் புகை மட்டும் இருந்தால் டர்போ சீல் அல்லது வால்வு கைடு.

கறுப்புப் புகை என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது சுமை அதிகம். அடைபட்ட ஏர் ஃபில்டரில் தொடங்கி டர்போவரை போகலாம். இதன் முழுக் கதை அடுத்த அறிகுறியில் இருக்கிறது.

முழு த்ராட்டில் கொடுத்தும் ஆர்பிஎம் ஏறவில்லை

பழைய யாட்டில் அதிகம் மறைக்கப்படுவதும், அதிகம் கவனிக்கப்படாமல் போவதும் இதுதான் என்பது என் எண்ணம். சோதனை ஓட்டத்தில் பலரும் சுகமான வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு திரும்பி விடுகிறார்கள். இன்ஜின் தகட்டிலோ கையேட்டிலோ அதிகபட்ச ஆர்பிஎம் எவ்வளவு என்று போட்டிருக்கும். டேங்கும் ஆட்களும் வழக்கமான அளவில் இருக்கும்போது முழு த்ராட்டிலில் இன்ஜின் அந்த எண்ணைத் தொட வேண்டும், கொஞ்சம் தாண்டினால் இன்னும் நல்லது. 3,800 என்று போட்டிருக்கும் இன்ஜின் 3,450-லேயே நின்றுவிட்டால் ஏதோ தடுக்கிறது. இப்படியே பல வருடம் ஓடிய இன்ஜின் எப்போதும் அளவுக்கு மீறிய சுமையை இழுத்திருக்கிறது. சாதாரண வேகத்தில் போகும்போதும் எக்ஸாஸ்ட் சூடு கூடி, வால்வும் பிஸ்டனும் மெல்ல மெல்லப் பாழாகும்.

காரணத்தைப் பிரிக்க இப்படிப் போங்கள். ஆர்பிஎம் ஏறாமல் கறுப்புப் புகையும் வருகிறதா? அப்படியானால் டீசல் தாராளமாகப் போகிறது. பிரச்சினை சுமையில் அல்லது காற்றில். புகையே இல்லாமல் ஆர்பிஎம் மட்டும் சுணங்குகிறதா? அப்படியானால் டீசல் வந்து சேரவில்லை. ஃபில்டர், டேங்கிலிருந்து வரும் குழாய், ஃபீட் பம்ப் என்ற வரிசையில் பாருங்கள்.

இரட்டை இன்ஜின் படகில் ஒன்றே மற்றதற்கு அளவுகோல். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் காரணம் பெரும்பாலும் அடியில் ஒட்டிய பாசியும் சிப்பியும், அல்லது அளவுக்கு மீறிய பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) கொண்ட புரொப்பல்லர். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த இன்ஜினைப் பாருங்கள்: டர்போ, இன்டர்கூலர், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர். அதற்கு முன்பு ஆர்பிஎம் மீட்டர் உண்மை சொல்கிறதா என்று தெரிய வேண்டும். பழைய மீட்டர்கள் நூறு, இருநூறு தப்பாகக் காட்டுவது சகஜம். ஆப்டிகல் டாக்கோமீட்டரால் ஃப்ளைவீலில் அளந்தால் சந்தேகம் தீரும்.

பாசிதான் காரணம் என்றால் கழுவினால் போயிற்று. ஆனால் "அடியில் பாசி, அதனால்தான்" என்று விற்பவர் சொன்னால், கழுவியபின் மறுபடியும் ஓட்டிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். புரொப்பல்லரில் விட்டமும் பிட்சும் பொறித்திருக்கும்; படகை வெளியே தூக்கும்போது குறித்துக்கொள்ளுங்கள். பிட்சை ஒரு அங்குலம் குறைத்தால் ஆர்பிஎம் சுமார் 150 முதல் 200 வரை ஏறும் என்பது பட்டறைக் கணக்கு.

டெம்பரேச்சர் ஏறுகிறது

கடல் நீர் போகும் பாதையை மனதில் வைத்துக்கொண்டால் இது எளிது. அடியிலுள்ள வால்வு வழியே நீர் உள்ளே வரும். வடிகட்டி, ரப்பர் இம்பெல்லர் வைத்த பம்ப், உள் கூலன்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் தாண்டிக் கடைசியாக எக்ஸாஸ்ட் எல்போவில் புகையோடு கலந்து வெளியே கொட்டும். பாதையின் தொடக்கத்திலிருந்தே பாருங்கள், மலிவான காரணங்களும் அங்கேதான் இருக்கின்றன.

எக்ஸாஸ்டில் கொட்டும் நீர் சின்னதாகி, ஆவி அதிகமாக வந்தால் நீர் போதவில்லை. ஐட்லிங்கிலேயே சூடு ஏறினால் வடிகட்டியில் பாசி அல்லது தேய்ந்த இம்பெல்லர். ஐட்லிங்கில் அமைதியாக இருந்து, வேகம் கூட்டினால் மட்டும் சூடு ஏறினால் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அடைப்பு அல்லது எல்போவில் உப்புப் படிவு. நீர் நன்றாகக் கொட்டியும் சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்டையும் உள் கூலன்டையும் பாருங்கள். மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். தெர்மோஸ்டாட் கூட்டின்மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இம்பெல்லரைக் கழற்ற விட்டால் கழற்றி இறகுகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு எங்கேயும் போகவில்லை, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் உட்கார்ந்திருக்கும். புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாத படகுகளில் பலமுறை இதுதான் காரணம்.

எல்போவைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே துருக் கண்ணீர், மூட்டில் வெள்ளை உப்பு தெரிந்தால் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நீர் போகும் வழி பாதியாகச் சுருங்கியிருக்கலாம். அடைப்பைவிட அது அரித்து ஓட்டையாவதுதான் ஆபத்து: நின்றுபோன இன்ஜினில் கடல் நீர் எக்ஸாஸ்ட் வழியே பின்னோக்கி டர்போவுக்குள்ளும் சிலிண்டருக்குள்ளும் இறங்கும். எல்போ எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். மாற்றிய ஞாபகமே யாருக்கும் இல்லையென்றால் அந்த வேலையை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணெயின் நிறமும் மட்டமும்

டீசல் இன்ஜினில் எண்ணெய் கறுப்பாக இருப்பது தப்பில்லை. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கறுப்பாகவே இருந்து மட்டம் மட்டும் ஏறிக்கொண்டே வந்தால், விரலில் தேய்த்துப் பாருங்கள். நீர்த்துப்போய் டீசல் வாசனை அடித்தால் இன்ஜெக்டரோ பம்ப் சீலோ கசிகிறது. கியர்பாக்ஸ் எண்ணெய் பால் நிறமானால் அதன் ஆயில் கூலர் உள்ளே ஓட்டையாகியிருக்கலாம். கருகிய வாசனை என்றால் கிளட்ச்.

புத்தம்புது எண்ணெயும் ஒரு தகவல்தான். நேற்று மாற்றிய எண்ணெயை லேபுக்கு அனுப்பினால் ஒன்றும் தெரியாது. நல்ல முடிவு வர 50 மணி நேரமாவது ஓடிய எண்ணெய் வேண்டும். பழைய ஆய்வு அறிக்கைகள் இருந்தால் அவை தனி ஒரு அறிக்கையைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் இரும்பும் தாமிரமும் வருடத்துக்கு வருடம் ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

அமைதியான நீரில் நன்றாக ஓடுகிறது, அலையில் மூச்சு வாங்குகிறது

டேங்கின் அடியில் தண்ணீரும், அதில் வளர்ந்த நுண்ணுயிர்க் கசடும் இருக்கிறது. அலையில் அது கலங்கி ஃபில்டரை அடைக்கும். பிரைமரி ஃபில்டர் கிண்ணத்தை அவிழ்த்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். கறுப்பு வழவழப்பு இருந்தால் ஃபில்டர் மாற்றுவது மட்டும் தீர்வில்லை, டேங்கைத் திறந்து கழுவ வேண்டும். டேங்குக்கு ஆய்வு மூடி இல்லையென்றால் அந்த வேலை சுலபமில்லை.

கியர் போட்டதும் நடுங்குகிறது

நியூட்ரலிலும் நடுக்கம் இருந்தால் இன்ஜின் மவுன்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் தாங்கி) அல்லது ஒரு சிலிண்டர் சரியாக எரியாதது. கியரில் மட்டும் என்றால் பின்னால் பாருங்கள்: புரொப்பல்லர் இறகு, ஷாஃப்ட், அதைத் தண்ணீருக்குள் தாங்கும் கட்லெஸ் பேரிங், அலைன்மென்ட் (இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பது). ஆர்பிஎம்மோடு சீராகக் கூடிக்கொண்டே போகும் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் வளைந்த இறகு அல்லது ஷாஃப்ட் காரணம்.

படகு வெளியே தூக்கியிருக்கும்போது ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லேசான இடைவெளி சரி. கண்ணுக்குத் தெரியும்படி "டொக் டொக்" என்று ஆடினால் பேரிங் போயிற்று. அது தனியாகத் தேய்ந்ததா, அலைன்மென்ட் தப்பியதால் தேய்ந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட். அதைத் தண்ணீரில் இருக்கும்போதுதான் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் தரையில் தாங்குகட்டைமேல் நிற்கும்போது படகின் உடல் சற்றே உருமாறும்.

மவுன்ட்டைப் பார்க்க ஒரு சின்ன வழி. இடம் விசாலமாக இருக்கும்போது படகை நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு நிதானமாகப் பவர் கூட்டச் சொல்லுங்கள். நீங்கள் இன்ஜின் அறை வாசலில் நின்று பாருங்கள். நல்ல மவுன்ட்டில் இன்ஜின் சற்றே சாய்ந்து நிற்கும். துள்ளினால், ரப்பர் பிரிந்துவிட்டது.

பில்ஜில் தண்ணீர்

பில்ஜ், அதாவது தரைப் பலகைக்குக் கீழே உள்ள அடிப்பள்ளம், பழைய படகில் முழுக்க உலர்ந்திருப்பது அபூர்வம். என்ன தண்ணீர் என்பதுதான் விஷயம். ஒரு துளியைக் கறுப்பு பிளாஸ்டிக்மேல் விட்டுக் காயவிடுங்கள். வெள்ளைப் பொடி நின்றால் கடல் நீர். நிற்காவிட்டால் மழை, ஏசி, அல்லது குடிநீர்த் தொட்டி. பச்சை, நீலம், சிவப்பு என்று நிறமும் வழவழப்பும் இருந்தால் கூலன்ட்.

கடல் நீர் என்றால் பில்ஜைத் துடைத்து உலர்த்தி, ஷாஃப்ட் சீலுக்குக் கீழே, ஒவ்வொரு வால்வுக்கும் கீழே, சுக்கான் தண்டுக்குக் கீழே ஒரு டிஷ்யூ பேப்பரை விரித்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். எது நனைகிறதோ அது. பழைய பாணி ஷாஃப்ட் சீல் சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விடும்படிதான் அமைக்கப்பட்டது. நின்றபின்னும் சொட்டிக்கொண்டே இருந்தால் இறுக்கவோ பேக்கிங் மாற்றவோ வேண்டும்.

வால்வுகளை ஒவ்வொன்றாக மூடித் திறந்து பாருங்கள். திருகாத வால்வை பலம் போட்டு உடைத்துவிடாதீர்கள், குறித்துக்கொண்டு நகருங்கள். கரும் மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகம் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதிலிருந்து துத்தநாகம் போய்விட்டது. மிச்சம் இருப்பது பஞ்சுபோன்ற தாமிரம். தண்ணீருக்கு அடியில் இருக்கும் அப்படிப்பட்ட வால்வு ஒரு நாள் கையோடு வந்துவிடும். இதற்குப் பேரம் பேச வேண்டாம், மாற்றியே ஆக வேண்டும். புரொப்பல்லர் அதே நிறமானாலும் அர்த்தம் அதேதான்.

ஆனோடு கரைந்த விதம்

ஆனோடு என்பது மற்ற உலோகங்கள் அரிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகும்படி மாட்டிய உலோகத் துண்டு. பாதி கரைந்த ஆனோடு நல்ல செய்தி. கொஞ்சமும் கரையாமல் புதுசாகவே இருந்தால் கம்பி இணைப்பு அறுந்திருக்கும், அல்லது யாரோ அதன்மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள். இரண்டிலும் கரைவது வேறு உலோகம். சில மாதத்திலேயே காணாமல் போனால் கரை மின்சார இணைப்பு வழியாகவோ படகுக்குள்ளிருந்தோ மின்னோட்டம் கசிகிறது. கரை இணைப்பின் எர்த் கம்பி வழியே வரும் அரிப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். துத்தநாகம் உப்பு நீருக்கு, மக்னீசியம் நன்னீருக்கு, அலுமினியம் உப்பு நீர், கலப்பு நீர் இரண்டுக்கும். படகு கிடந்த நீருக்குத் தகுந்ததுதானா என்பதையும் கேளுங்கள்.

அடி உடலில் கொப்புளம், மேல்தளத்தில் மெத்தென்ற இடம்

கொப்புளங்களைப் பார்த்துப் பலர் ஓடிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். ஒன்றைக் குத்திப் பார்க்க அனுமதி கிடைத்தால், கண்ணாடி போட்டுக்கொண்டு குத்துங்கள், உள்ளே அழுத்தம் இருக்கும். வினிகர் வாசனையோடு ஒட்டும் திரவம் வந்தால் ஆஸ்மோசிஸ், அதாவது நீர் ஃபைபருக்குள்ளேயே ஊறியிருக்கிறது. வெறும் தண்ணீர் வந்தால் பெயின்ட் அடுக்குகளுக்கு நடுவே மாட்டிய நீர்தான். ஆஸ்மோசிஸ்கூடச் சின்னதாக, சிதறலாக இருந்தால் படகை மூழ்கடிக்காது, விலையைக் குறைக்கும். தண்ணீரிலிருந்து தூக்கிய உடனே எடுக்கும் ஈரப்பத மீட்டர் கணக்கை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

மேல்தளம் எனக்கு இன்னும் பெரிய கவலை. கைப்பிடிக் கம்பிகள், ஹேட்ச், நங்கூர வின்ச் இவற்றைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டக்" என்று கணீரென ஒலிக்கும். உள்ளே இருக்கும் பால்சா மரம் நனைந்து அழுகிய இடம் "தொப்" என்று மந்தமாகும். ஒலி மாறும் எல்லையைச் சாக்பீஸால் குறியுங்கள். உள்ளங்கை அகலம் என்றால் உள்ளூர் வேலை. மேல்தளத்தின் பாதிவரை கோடு ஓடினால் வேறு படகு பாருங்கள்.

மின்சாரம்

சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஆன பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் முழுசாக இருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். பேட்டரி உறுதியாக இருந்தும் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால் கேபிளையும் எர்த் மூட்டையும் பாருங்கள். கரை மின் பிளக்கின் பின்களில் பழுப்புக் கருகல் இருந்தால், அதைச் சரிசெய்யும்வரை அந்த இணைப்பில் எதையும் போடாதீர்கள்.

வாசனை

டாய்லெட் நாற்றம் எவ்வளவு கழுவியும் போகவில்லையா? வெந்நீரில் நனைத்த துணியை ஹோஸைச் சுற்றி வைத்துவிட்டு எடுத்து முகருங்கள். துணி நாறினால் நாற்றம் ஹோஸின் ரப்பரைத் தாண்டி வெளியே வருகிறது. ஹோஸை மாற்ற வேண்டும். சமையல் வாயு வாசனை வந்தால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, பில்ஜில் போய்த் தங்கும். எந்த ஸ்விட்சையும் தொடாமல் சிலிண்டரை மூடி, எல்லாரையும் வெளியே அனுப்பிக் காற்றாட விடுங்கள்.

மணி மீட்டரும் காகிதமும் ஒத்துப்போகவில்லை

15 வருடப் படகில் 280 மணி நேரம் என்று மீட்டர் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். ஒன்று, மீட்டர் மாற்றப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் இன்ஜின் மாதக்கணக்கில் உப்புக் காற்றில் சும்மா கிடந்திருக்கும். டீசலுக்கு ஓட்டம்தான் ஆரோக்கியம். சர்வீஸ் ரசீதுகளில் எழுதிய மணிக்கணக்கைத் தேதிவாரியாக அடுக்கினால் எது என்று தெரிந்துவிடும். அப்புறம், பின்பக்கச் சுவரின் வலது மேல் மூலையில் பொறித்த உடல் அடையாள எண்ணையும் இன்ஜின் தகட்டு எண்களையும் பத்திரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அடையாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. விளம்பரத்தில் சொன்ன ஆண்டோடு அது ஒத்துப்போகாவிட்டால், விளக்கம் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

சோதனை ஓட்டம் முடிந்து வந்தபின்

எல்லாரும் கரையில் இறங்கிப் பேசத் தொடங்கும் அந்த நேரத்தில் நீங்கள் மட்டும் திரும்ப இன்ஜின் அறைக்குள் போங்கள். இருபது நிமிடம் வேகமாக ஓடி, சில நிமிடம் முழு த்ராட்டிலிலும் ஓடிய இன்ஜின் இப்போதுதான் கசிய வேண்டியதைக் கசிய விடும். ஒவ்வொரு ஹோஸ் கிளாம்புக்கும், பம்பின் அடிக்கும், எல்போ மூட்டுக்கும் புது டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். இளஞ்சிவப்பு, கறுப்பு, தெளிந்த நீர் என்று எது ஒட்டியிருக்கிறதோ, எந்த இடத்தில் எடுத்தது என்று அந்தப் பேப்பரிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். சர்வேயர் வந்ததும் முதலில் அவற்றைத்தான் கேட்பார்.